கயிற்றைத் தாண்டியவர்கள்

“சந்தோஷப்படுவது ஒரு குற்றமா, சேர்?”

சென்ற தவணையில் ஒரு திங்கட்கிழமை காலை, அதிபரின் அறைக்கு வெளியே விறாந்தையில் வரிசையாக நின்ற பதினேழு மாணவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து இவ்வாறு கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. உள்ளே ஒழுக்காற்றுக் குழு கூடவிருந்தது. அதில் நானும் ஓர் அங்கத்தவன். வழக்கைப் பற்றி வெளியே பேசலாகாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உண்மையைச் சொல்வதானால், நான் வாய் திறவாததற்குக் காரணம் அதுவன்று. அவனுக்குச் சொல்லத் தக்க பதில் ஒன்றும் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

நடந்த சங்கதியை முதலில் கூறிவிடுகிறேன். கல்லூரிகளின் பெயர்கள் வேண்டாம். பிள்ளைகளின் பெயர்கள் அதனினும் வேண்டாம். எங்கள் கல்லூரிக்கும் அயலூர்க் கல்லூரி ஒன்றுக்கும் இடையே சனிக்கிழமை கிரிக்கெட் போட்டி. பல ஆண்டுகளாக நாங்கள் அந்த அணியை வென்றதில்லை. அன்று கடைசி ஓவரில் மூன்று ஓட்டங்கள் வேண்டும். கையில் ஒரே ஒரு விக்கெட். பதினோராவது ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான் என்றே நினைக்கிறேன். பந்து எல்லைக் கயிற்றை நோக்கி ஓடியது. பந்து கயிற்றைத் தொடுவதற்கு முன்பாகவே எங்கள் பையன்கள் கயிற்றைத் தாண்டிவிட்டார்கள். பப்பரே வாத்தியம் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம், சட்டையைக் கழற்றிச் சுழற்றுபவன் ஒரு பக்கம். நானும் ஆசிரியர் கூடாரத்தில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். புழுதி அடங்கியபோது, எதிரணியின் விக்கெட் காப்பாளன் எழுந்திருக்கவில்லை. ஸ்டம்பைப் பிடுங்கும் ஆவலில் ஓடியவர்கள் அவனை இடித்துத் தள்ளி, அவன்மேல் விழுந்திருக்கிறார்கள். காறை எலும்பு முறிந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளை. தோற்றுப்போன துக்கத்தோடு கையையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான்.

எவருடைய கைத்தொலைபேசியிலோ படம் பதிந்திருந்தது. அதைக் கொண்டு பதினேழு பேரை அடையாளம் கண்டார்கள். குழுவில் மூன்று யோசனைகள் எழுந்தன. பதினேழு பேரையும் இரண்டு வாரம் வகுப்புக்கு வராமல் நிறுத்துவது ஒன்று. அடுத்த ஆண்டு முழுவதும் மாணவர் எவரையும் போட்டி பார்க்க விடாதிருப்பது மற்றொன்று. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிடுவது மூன்றாவது. இதற்குப் பழைய மாணவர் சங்கத்தார் பணமும் தருவார்கள் என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். என் முறை வந்தபோது, யோசிப்பதற்கு ஒரு வார அவகாசம் கேட்டேன். அதிபர் நல்லவர்; கொடுத்தார்.

அவகாசம் கேட்டதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுப் பின்வளவில் பயற்றங்கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. அது பற்றி ஏறுகிற கம்பை உற்றுப் பார்ப்பவர்களுக்கு, அது சாதாரணக் கம்பு அன்று, கடைந்தெடுத்து வார்னிஷ் பூசிய ஒரு கிரிக்கெட் ஸ்டம்பு என்பது விளங்கும். 1997ஆம் ஆண்டு, நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரி வென்ற ஒரு போட்டியின் முடிவில் கயிற்றைத் தாண்டி ஓடிப் பிடுங்கிய ஸ்டம்பு அது. யாரும் என்னைப் படம் பிடிக்கவில்லை. அக்காலத்தில் அந்த வசதி இல்லை என்பதைத் தவிர எனக்கும் அந்தப் பதினேழு பேருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அதற்கு முந்திய ஆண்டு 1996. அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை என் வயதினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 17ஆம் நாள் லாகூரில் அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்து, பின் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்து, உலகக் கிண்ணத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிரவு வத்தேகமக் கடைத்தெருவில் வெடி கொளுத்தாதவன் இல்லை. சிங்களவர் கடை, முஸ்லிம் கடை, தமிழர் கடை என்ற பேதம் அன்று வெடிகளுக்கு இருக்கவில்லை. தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள் தப்படித்துக்கொண்டு வந்தார்கள். நாடு யுத்தத்தில் வெந்துகொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு கூட்டத்துக்குள் கலந்து, நான் என்பதே மறந்து கத்திய அந்த இரவைப் போன்ற ஒன்றை நான் பின்னர் அனுபவித்ததில்லை.

ஆகையால், வெற்றிக் களிப்பில் மைதானத்துக்குள் ஓடுபவனைப் போக்கிரி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மவரின் கலை மரபிலேயே பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் நடுவே கயிறு கட்டும் வழக்கம் குறைவு. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது, ரதி மதனோடு லயம் லயமாகச் சுற்றி வருகிற கூட்டத்தில் யார் கூத்தர், யார் பார்வையாளர் என்று பிரித்துச் சொல்லிவிட முடியுமா? தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்காமல் எட்ட நின்று பார்ப்பவனையல்லவா நாம் விசித்திரமாக நோக்குகிறோம்? கொண்டாட்டம் என்றால் உள்ளே இறங்குவது என்றே நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. எல்லைக் கோடு என்பது ஆங்கிலேயன் கிரிக்கெட்டோடு சேர்த்துக் கொண்டுவந்த சரக்கு.

ஆனால் அந்த ஆங்கிலேயனும் ஒரு காலத்தில் தன் கோட்டை மதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1975 ஜூன் 21ஆம் நாள் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் முதலாவது உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியாவின் கடைசி ஜோடியான லில்லியும் தொம்சனும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தொம்சன் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ரசிகர்கள் வெள்ளமெனப் பாய்ந்துவிட்டார்கள். ஆனால் நடுவர் அது ‘நோ போல்’ என்று கை நீட்டியிருந்தார்! ஆட்டம் முடியவில்லை. பந்து கூட்டத்துக்குள் எங்கோ போய்விட்டது. ஆட்டக்காரர் இருவரும் கூட்டத்தினூடே ஓட்டங்கள் எடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் ஆட்டம் உண்மையாகவே முடிந்தபோது மறுபடியும் ஒரு வெள்ளம். அன்று நடுவராக நின்ற டிக்கி பேர்ட் பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த கதை ஒன்று உண்டு. அந்த அமளியில் அவருடைய வெள்ளைத் தொப்பியை யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓராண்டு கழித்து லண்டனில் பஸ்ஸில் போகும்போது கண்டக்டரின் தலையில் அதே மாதிரி ஒரு தொப்பி! எங்கே கிடைத்தது என்று இவர் கேட்க, உலகக் கிண்ணப் போட்டியில் டிக்கி பேர்டின் தலையிலிருந்து எடுத்தது என்று அந்த மனிதர் பெருமையோடு பதில் சொன்னாராம். என் ஸ்டம்பை நினைத்துக்கொண்டேன்.

1983இலும் அதே லோர்ட்ஸ்தான். சென்னை ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களே அந்த இறுதிப் போட்டியில் இரு தரப்பிலும் ஒருவர் எடுத்த அதிக ஓட்டங்கள். 183 ஓட்டங்களை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140க்குள் சுருட்டிவிட்டது கபில்தேவின் அணி. கடைசி விக்கெட் விழுந்ததும் வீரர்கள் முன்னே ஓட, கூட்டம் பின்னே ஓடுகிற அந்தப் படத்தைப் பாராத இந்தியர் இருக்க மாட்டார். அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்?

இதுவரை எழுதியதை வாசிக்கும் மாணவர்கள், “சேர் நம் கட்சி” என்று முடிவு கட்டியிருப்பார்கள். சற்றுப் பொறுங்கள்.

1982 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் இங்கிலாந்து 400 ஓட்டங்களை எட்டியபோது சில பார்வையாளர்கள் களத்துக்குள் ஓடினார்கள். அவர்களில் ஒருவன், டெரி ஆல்டர்மன் என்ற பந்துவீச்சாளரின் தலையில் பின்னாலிருந்து அடித்துவிட்டுப் போனான். ஆல்டர்மன் துரத்திப் போய் அவனை மடக்கினார்; மடக்கிய வேகத்தில் தம் தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. ஓராண்டுக்கு மேல் அவரால் டெஸ்ட் போட்டிகளில் ஆட முடியவில்லை. 1999 ஏப்பிரலில் கயானாவின் ஜோர்ஜ்டவுனில் நடந்தது இன்னொரு விதம். கடைசிப் பந்தில் ஸ்டீவ் வோவும் ஷேன் வோர்னும் ஓட்டங்களுக்காக ஓடிக்கொண்டிருக்கையில் கூட்டம் பாய்ந்து ஸ்டம்புகளையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஸ்டம்பு இல்லாத இடத்தில் ரன் அவுட் செய்வது எப்படி? யார் வென்றார் என்பதை ஆட்டம் சொல்லவில்லை. போட்டி மத்தியஸ்தர் ராமன் சுப்பாராவ் சமநிலை என்று தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. 2001 ஜூன் 17ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் பாகிஸ்தான் வெற்றிக்கு அருகில் வந்தபோது, ஆட்டம் முடியுமுன்னரே கூட்டம் இறங்கிவிட்டது. தடுக்கப் போன காவற் பணியாளர் ஒருவர் மிதிபட்டு மருத்துவமனைக்குப் போனார். இங்கிலாந்துத் தலைவர் அலெக் ஸ்டுவேர்ட் வெற்றியை விட்டுக்கொடுத்துத் தம் ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

இவற்றுள் என் மனத்தை அதிகம் தைத்தது கிரிக்கெட்டோடு சம்பந்தமில்லாத ஒரு செய்தி. அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்தாட்டம் முடிந்ததும் மாணவர் கூட்டம் அரங்கத் தளத்துக்குப் பாய்வது ஒரு சம்பிரதாயமாகவே வளர்ந்திருக்கிறது. 2004இல் அரிசோனா மாநிலத்தில் உயர்பள்ளி மாணவன் ஒருவன், தன் அணியின் வெற்றியைக் கொண்டாட ஓடிவந்தவர்களின் நெரிசலில் விழுந்து, கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து, உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போனான். அவன் எதிரணிக்காரன் அல்லன். ஓடிவந்தவர்களின் சொந்த நாயகன். அன்பு மிகுதியால் நேர்ந்த அனர்த்தம். அங்கே இன்றளவும் அந்தச் சம்பிரதாயம் ஓயவில்லை. 2024 ஜனவரியில் புகழ்பெற்ற ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க், ஓடிவந்த ரசிகை ஒருத்தி மோதிக் கீழே விழுந்தார். அடுத்த மாதம் டியூக் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபிலிபௌஸ்கி முழங்காலில் அடிபட்டுத் தாங்கலாக வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்.

எனவே, தண்டனை வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டும் என்றே நான் முடிவுக்கு வந்தேன். பிறகுதான் கடினமான கேள்விகள் வந்தன. யாருக்கு? எந்த வகையில்? எப்போது?

அமெரிக்காவின் தென்கிழக்குக் கல்லூரிகள் கூட்டமைப்பு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: ஓடிய மாணவனை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு அபராதம். முதல் தடவை ஒரு இலட்சம் டொலர், இரண்டாந் தடவை இரண்டரை இலட்சம், அதன் பின் ஐந்து இலட்சம் என்று 2023இல் உயர்த்தினார்கள். 2025இல் தடவைக் கணக்கே வேண்டாம், எப்போதும் ஐந்து இலட்சம் என்றார்கள். பலன்? கல்லூரிகள் பணத்தைக் கட்டின. மாணவர்கள் மறுபடியும் ஓடினார்கள். ஓடுகிறவன் காலில் வலி தெரியாமல் வேறொருவன் பையில் வலித்தால் கால் எப்படி நிற்கும்? எங்கள் குழுவில் சொல்லப்பட்ட இரண்டாவது யோசனையும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பதினேழு பேர் ஓடியதற்காக, கயிற்றுக்கு வெளியே ஒழுங்காக நின்ற அறுநூறு பேருக்குப் போட்டி இல்லை என்றால், அடுத்த முறை ஒழுங்காக நிற்பதில் அவர்களுக்கு என்ன லாபம்?

அடுத்து, வேலி. பழைய மாணவர் சங்கத்தார் தரவிருந்த அந்தக் கம்பி வேலியைப் பற்றி யோசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்கள் களத்துக்குள் பாய்வதைத் தடுப்பதற்கென்றே மைதானங்களில் இரும்பு வேலிகள் போட்டார்கள். 1989 ஏப்பிரல் 15ஆம் நாள் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், ஏற்கெனவே நிரம்பியிருந்த பகுதிக்குள் மேலும் மக்கள் வந்து நெருக்க, முன்னால் நின்றவர்கள் அந்த வேலியோடு வேலியாக நசுங்கினார்கள். களம் அவர்களுடைய கண்ணெதிரே காலியாகக் கிடந்தது. இறங்க வழியில்லை. அந்த அனர்த்தத்தில் இறந்தவர்கள் 97 பேர். களத்துக்குள் இறங்குவதைக் குற்றம் என்று மட்டும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, உயிர் தப்ப இறங்குகிறவனும் குற்றவாளியாகவே தெரிந்தான். தொடக்கத்தில் வேலி ஏறியவர்களைக் காவலர்கள் திருப்பித் தள்ளினார்கள்.

தண்டனையை அந்தக் கணத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்று துடிப்பது வேலியினும் கொடியது. 1964 மே 24ஆம் நாள் பெரு நாட்டின் லீமா நகரில் ஆர்ஜென்டீனாவுடன் நடந்த கால்பந்துப் போட்டியில், தம் அணியின் கோலை நடுவர் மறுத்துவிட்டார் என்று ஆத்திரமுற்று ஓடியவர்கள் இரண்டு பேர். பொலிஸார் அவர்களை அடித்த விதத்தைக் கண்டு கூட்டம் கொதித்தது. கூட்டத்தின்மேல் கண்ணீர்ப்புகை வீசினார்கள். மக்கள் படிகளில் இறங்கி வாயிலுக்கு ஓடினால், வாயிற் கதவுகள் மூடியிருந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 328 பேர் மாண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னும் உலகம் அந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. 2022 ஒக்டோபர் 1ஆம் நாள் இந்தோனேசியாவின் மாலாங் மாவட்டத்தில், சொந்த அணி தோற்றபின் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கினார்கள். பொலிஸார் களத்தின்மீது மட்டுமன்றி, இறங்காமல் இருக்கைகளில் இருந்தவர்கள்மீதும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டார்கள். 135 பேர் இறந்தார்கள். சிறு பிள்ளைகளும் அதில் உண்டு. கயிற்றைத் தாண்டியவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டால், தாண்டாதவனுக்கு மரணம் என்று பதில் வந்தது.

ஹில்ஸ்பரோவுக்குப் பின் இங்கிலாந்து செய்தது என் குழப்பத்தை ஓரளவு தீர்த்தது. நீதிபதி டெயிலர் 1990 ஜனவரியில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து வேலிகள் கழற்றப்பட்டன. 1991இல் சட்டம் வந்தது: தக்க காரணமின்றிக் கால்பந்துக் களத்துக்குள் இறங்குவது குற்றம், நீதிமன்றம் ஆயிரம் பவுண் வரை அபராதம் விதிக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலியை எடுத்த இடத்தில் சட்டத்தை வைத்தார்கள். ‘தக்க காரணமின்றி’ என்ற சொல்லில், உயிர் பிழைக்க இறங்குபவனுக்கு வழி திறந்திருக்கிறது. இறங்கியவனுக்குத் தண்டனை பின்னர் வரும். பெயர் கேட்டு, விசாரித்து, பதில் சொல்ல இடங்கொடுத்து வரும். அதுவரை தண்டனையைக் கருணைக்கு எதிர்ப்பதமாக நினைத்திருந்த நான், முன்கூட்டி அறிவித்த சிறிய தண்டனை ஒன்று இருப்பதனால்தான் இரும்பு வேலியில்லாமல் வாழ முடிகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். வகுப்பறையில் இருபது ஆண்டு பிரம்பைத் தொடாமல் காலந்தள்ளிய எனக்கு இது முன்னரே விளங்கியிருக்க வேண்டும்.

நம் வாசற்படிக்கு வருவோம். பல்லேகலை மைதானம் எங்களுக்கு எட்டாத் தொலைவன்று. 2017 ஓகஸ்ட் 27ஆம் நாள் அங்கே இந்தியாவுடன் மூன்றாவது ஒருநாள் போட்டி. இலங்கை 217 ஓட்டங்கள் எடுத்திருந்தது. ரோகித் சர்மா சதமடித்து நிற்க, இந்தியாவுக்கு இன்னும் எட்டு ஓட்டங்களே தேவை. தோல்வி மேல் தோல்வி கண்டு நொந்திருந்த நம் ரசிகர்கள் தண்ணீர்ப் போத்தல்களை வீசத் தொடங்கினார்கள். ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. அதிகாரிகள் செய்ததெல்லாம், வீரர்களை நடுவில் இருத்திவிட்டு அந்தப் பகுதி ரசிகர்களை வெளியேற்றியதுதான். புகைக் குண்டில்லை. அந்த அமளியில் மகேந்திர சிங் தோனி களத்தின் நடுவே காலை நீட்டிப் படுத்துக் கண்ணயர்ந்த படம் உலகமெங்கும் போயிற்று. பிறகு எழுந்து மீதி ஓட்டங்களை எடுத்துவிட்டுப் போனார்கள். ஊர்க்காரன் என்ற முறையில் அன்று நான் வெட்கப்பட்டேன் என்பது உண்மை. ஆயினும், ஒரு தாயும் அன்று பிள்ளையை இழக்கவில்லை என்ற கணக்கையும் கூடவே போட்டுப் பார்க்கிறேன்.

அதே தோனியின் காலில் விழுவதற்கென்று 2024 மே மாதம் அகமதாபாத்தில் ஓர் இளைஞன் களத்துக்குள் ஓடினான். அவர் அவனை அணைத்துப் பேசி அனுப்பினார். பொலிஸார் வழக்குப் பதிந்தார்கள். இருவர் செய்ததும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. அணைத்தவர்க்கு அவன் ஒரு ரசிகன். காவலர்க்கோ, ஓடி வருகிறவன் கையில் இருப்பது பூமாலையா கத்தியா என்பது அவன் அருகில் வரும்வரை தெரியாது. 1993இல் ஹம்பேர்க் நகரில் டென்னிஸ் வீராங்கனை மோனிகா செலெஸ் பார்வையாளன் ஒருவனால் முதுகில் குத்தப்பட்டார் என்பதை அவர்கள் மறந்துவிட முடியுமா?

இனி, மகிழ்ச்சியை என்ன செய்வது? அதற்கு ஒரு வழி திறந்துவிடாமல் தண்டனையை மட்டும் அறிவிப்பது, அணையில் மதகு வைக்காமல் கட்டுவதற்கு ஒப்பாகும். 2025 ஜூன் 4ஆம் நாள் பெங்களூரில் நடந்தது நினைவிருக்கும். முதன்முறையாக ஐ.பி.எல். கிண்ணத்தை வென்ற அணியைக் காணச் சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் மக்கள் முட்டி மோதியதில் பதினொருவர் இறந்தனர். அவர்கள் எந்தக் கயிற்றையும் தாண்டவில்லை. மகிழ்ச்சியோடு வந்தவர்களுக்கு இடமும் ஒழுங்கும் செய்துவைக்காத பெரியவர்களின் பிழை அது.

எனக்கு வழி காட்டியது சென்னை. 1999 ஜனவரி 31ஆம் நாள் சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கெதிரான டெஸ்ட் போட்டியில் வெற்றிக்கு 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, வெற்றிக்கு அருகில் கொண்டுவந்துவிட்டு ஆட்டமிழந்தார். பின்னர் மளமளவென்று விக்கெட்டுகள் சரிந்தன. பன்னிரண்டே ஓட்டங்களால் தோல்வி. எந்த ஊரிலும் கலவரத்துக்குப் போதுமான காரணம். ஆனால் அன்று சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வலம் வந்தது. தட்டிய கைகள் ஓயவில்லை. இந்தச் செய்தியைப் பெருந்தன்மைக்கு உதாரணமாக எல்லாரும் சொல்வார்கள். நான் அதில் வேறொன்றைக் கண்டேன். ரசிகர்கள் களத்துக்குள் போகவில்லை. களத்தில் இருந்தவர்கள் ரசிகர்களிடம் வந்தார்கள். வலம் வருவது என்பது நமக்குப் புதிதா? சாமி வீதிவலம் வரும்போது மூலஸ்தானத்துக்குள் பாய்பவர் எவரும் இல்லையே!

அமெரிக்கரும் இப்போது இதற்கு அருகில் வந்திருக்கிறார்கள். எதிரணியும் நடுவர்களும் பத்திரமாக வெளியேறிய பின்னர் மாணவர்கள் தளத்தில் இறங்கினால் அந்த ஐந்து இலட்சம் டொலர் அபராதத்தை விலக்கிவிடலாம் என்று அதே கூட்டமைப்பு ஏற்பாடு செய்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை குழுவில் இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக நான் சொல்லவில்லை. அதிபருக்கு அடுத்த கூட்டம் இருந்தது. மூன்று விஷயங்களை மட்டும் கேட்டேன். வேலி வேண்டாம். இனிமேல் ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கை குலுக்கி, எதிரணியும் நடுவர்களும் கூடாரம் சேரும் வரை கயிறு கயிறாகவே இருக்கட்டும்; பிறகு நம் அணி கயிற்றோரமாக வலம் வரட்டும்; அதற்குமுன் தாண்டுகிறவன் அந்த ஆண்டின் மற்றப் போட்டிகளுக்கு வரக்கூடாது என்பதை முதல் நாளே காலைக் கூட்டத்தில் அறிவித்துவிடுவோம். மூன்றாவது, இந்தப் பதினேழு பேர். முன்னறிவிப்பு இல்லாத சட்டத்தைக் கொண்டு இவர்களை இரண்டு வாரம் வீட்டில் இருத்துவது முறையன்று; அதிலும் சாதாரண தரப் பரீட்சை எழுதுபவர்கள் பலர். ஆனால் ஒரு பிள்ளையின் எலும்பு முறிந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் இல்லை என்றும் விட்டுவிட முடியாது. அவர்களே அவன் வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பார்க்கட்டும் என்றேன். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் மட்டும் கடைசி வரை ஒப்பவில்லை. “நீங்கள் இலக்கியம் படிப்பிப்பவர், உங்களுக்கு இளகிய மனம்” என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். இறுதியில், தவணை முடியும் வரை சனிக்கிழமைகளில் மைதானத்தைச் செப்பனிட்டு உருளை இழுப்பது என்ற வேலையையும் அவர் சேர்த்தார், எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு, அதிபரைத் தனியே கண்டு என் ஸ்டம்பைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளை ரயிலில் அவர்களை அழைத்துக்கொண்டு போனேன். பெற்றோர் நால்வர் கூட வந்தார்கள். வழியெல்லாம் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள், தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கியதும் வாயடைத்துப் போனார்கள். லயத்து வாசலில் அந்தப் பையன் கையைத் தூக்குப் பட்டியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் முதலில் பேசுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விறாந்தையில் என்னைக் கேள்வி கேட்டவன்தான் முன்னே போனான். “நான்தான் தம்பி ஒன்னு மேல விழுந்தேன்” என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல் வரவில்லை.

பையனின் தாய் எங்கள் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் கோப்பை இரவல் வாங்க ஓடினாள். “வாங்க தம்பிகளா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க” என்றாள். தேநீர் முடிவதற்குள், கடைசி ஓவரில் பந்தைச் சற்று வெளியே போட்டிருந்தால் தாங்களே வென்றிருப்போம் என்று அடிபட்டவன் வாதாட, இல்லை என்று எங்களவர்கள் மறுக்க, வாசலில் மூங்கில் குச்சியை ஸ்டம்பாக நட்டுச் செய்முறை விளக்கமே தொடங்கிவிட்டது.

திரும்பி வந்து பின்வளவுக்குப் போய் அந்த ஸ்டம்பைப் பிடுங்கிக் கழுவி வைத்தேன். அது எந்தக் கல்லூரிக்கு உரியதோ அங்கே இந்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டு கழித்து வருகிறவனைப் பார்த்து அங்கே என்ன சொல்வார்களோ தெரியவில்லை. பயற்றங்கொடிக்கு வேறு கம்பு நட்டுவிட்டுப் போகும்படி மனைவி சொல்லியிருக்கிறாள்.